மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள்

அந்தக் குழந்தை இருக்கையைக் காரிலிருந்து கழற்றியது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த வாரம் எனக்குப் பலர் மீது கோபம் வரப்போகிறது. அந்த வரிசையில் முதல் ஆள் யார் என்பதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டுவது முறையில்லை.

காலை ஏழு மணி இருக்கும். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. கண்ணாடியில் மழைத்துளி இன்னும் காயவில்லை. பின்பெட்டியில் பொங்கல் பானை, தேங்காய், பழத்தட்டு எல்லாம் ஏறிவிட்டன. என் மாமியாரான அத்தையின் தலையில் மல்லிகை மணத்தது. என் தோளில் ஏழு மாத மித்ரா, என் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று அவளுக்கு முடி இறக்க வேண்டும். என் கணவர் சரவணனின் குடும்பம் பாரிட் புந்தார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டம் கைமாறி, மரங்கள் விழுந்து, இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். மிஞ்சியது முனியாண்டி கோயில் மட்டும். குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் முதல் முடி அங்கேதான் இறங்க வேண்டும். அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து.

தாய்மாமன் என்றால் என் அண்ணன் முரளி. தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகத்தான் பேச்சு. மோட்டார் முந்தின நாள் பட்டறைக்குப் போய்விட்டது. அண்ணன் பஸ்ஸில் வந்து, புது வேட்டியும் வெட்கமுமாக வாசலில் நின்றான்.

என் கணவர், அவருடைய அப்பா, அம்மா, என் அண்ணன், நான். பெரியவர்கள் ஐந்து பேர். கார் சின்னது. பின்வரிசையில் மூன்றில் ஓர் இடத்தை மித்ராவின் இருக்கை பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்த சோபாவ எடுத்து வெளிய போடு தேவி," என்றார் மாமா. என் மாமனாரைச் சொல்கிறேன். "புள்ளைய மடியில வச்சிக்கிட்டா போதும்."

"நான் பஸ்ல வாரேன் மாமா," என்றான் அண்ணன். "பாரிட் புந்தார்ல எறங்கி நிக்கிறேன். அங்க வந்து ஏத்திக்கிங்க."

"நல்லாருக்குலா கதை!" என்றார் அத்தை. "தாய்மாமன பஸ்ல வுட்டுட்டு நாங்க மட்டும் காடில ஏறிப் போறதா? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

என் கணவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "மச்சான் ஏறுங்க. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'அண்ணன் பஸ்ஸிலேயே வரட்டும்' என்று சொல்ல வேண்டியது நான். அம்மா இறந்த பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். அந்த ஒரு ஆளையும், அவன் கௌரவமாக நிற்கிற ஒரே நாளில், என் வாயாலேயே பஸ் நிறுத்தத்துக்கு அனுப்புவதா?

குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தேன். குனிந்து கொக்கியை அழுத்தினேன். இருக்கை கழன்று வந்தது. அடியில் பிஸ்கட் தூள். அதைத் தூக்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காரில் ஏறினேன்.

பறந்து போன பொம்மை

நான் பௌதிகத்தில் நல்ல மாணவி. பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அது ஒரு குற்றச்சாட்டு போலவே எனக்குக் கேட்கிறது.

நான்காம் படிவத்தில், பதினாறு வயதில், ஒரு சோதனை செய்தோம். சரிவான பலகை. அதில் சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டி. வண்டியின் மேல் பிளாஸ்டிசின் களிமண்ணில் செய்த பொம்மை. பலகையின் அடியில் ஒரு செங்கல். வண்டியை விட்டால் ஓடிவந்து செங்கலில் முட்டி நிற்கும். பொம்மை நிற்காது. அது வந்த வேகத்திலேயே முன்னால் பறக்கும்.

எங்கள் குழுவில் நான்கு பெண்கள். பொம்மைக்குப் பாவாடை கட்டினோம், பெயர்கூட வைத்தோம். முதல் தடவை அது பறந்து, கைகழுவும் தொட்டியில் விழுந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாம் தடவை தலைமுடி ரிப்பனால் வண்டியோடு சேர்த்துக் கட்டினோம். வண்டி முட்டியது, பொம்மை குலுங்கியது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. சப்பென்று ஆகிவிட்டது. ரிப்பனை அவிழ்த்துவிட்டு மறுபடி பறக்கவிட்டோம்.

இனெர்சியா என்று எழுதினேன். ஓடுகிற பொருள், வெளியிலிருந்து ஒரு விசை வந்து தடுக்கும் வரை, அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று மலாய் மொழியில் அழகான கையெழுத்தில் எழுதினேன். முழு மதிப்பெண்.

எனக்கு வரும் கோபம் இதுதான். அந்த விடைத்தாளைத் திருத்தியவருக்கு நான் சொன்னது புரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்ற நால்வருக்கு அதையே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்த படிப்பு தேர்வு மண்டபத்துக்குள் மட்டும்தான் உண்மையா? வெளியே வந்தால் அது மருமகளின் பிடிவாதம் ஆகிவிடுமா?

அப்படித்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு முந்தின மாதமே அந்த இருக்கையை வாங்கிப் பொருத்தி, ஐந்து கிலோ அரிசி மூட்டையை அதில் உட்கார வைத்து, வாரை இறுக்கிப் பார்த்துப் பழகினேன். என் கணவர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "அரிசிக்கு பெல்ட் போடற பொம்பள தஞ்சோங் ரம்புத்தான்லதான் இருப்பா," என்றார். அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்ல அந்த ஊர்ப் பெயர் போதும். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒருவேளை எனக்குத்தான் பயம் அதிகமோ? அப்போதும் அப்படித்தான் யோசித்தேன். இப்போது இதை எழுதும்போதும், இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று இரண்டு முறை பேனாவைக் கொண்டுபோனேன். சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என் பேறுகாலத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்த ஒரு அக்கா, "ஒனக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்திலா தேவி" என்று செய்தி அனுப்பியிருந்தார். அக்கா, இந்த வாரம் நீங்கள் படிக்காமல் இருப்பது நல்லது.

தோளைப் பற்றி யாரும் எழுதவில்லை

பெரியவர்களிடம் இருக்கையைப் பற்றிப் பேசினால் ஒரே பதில்தான் வரும். 'நீங்கல்லாம் அப்படித்தானே வளந்தீங்க?' உண்மைதான். எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிராக்டரில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். உயிரோடு இருப்பவர்கள்தான் வந்து இப்படிச் சொல்லவும் முடியும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நான் சின்னவளாக இருந்தபோது, வேறொரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டா கம்பின் இரண்டு நுனியிலும் மாட்டி, நடுக்கம்பைத் தோளில் வைத்துச் சுமந்து வருவார். இரண்டு வாளியிலும் பால் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கம்பு சாயும். அதனால் நிறைந்த வாளியிலிருந்து குறைந்த வாளிக்கு ஊற்றிச் சரி பார்த்துக்கொண்டுதான் கிளம்புவார்.

பள்ளியில் சமநிலைப் பாடம் வந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு, தோள் மேல்நோக்கித் தாங்குவது இரண்டும் சேர்ந்த அளவு. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். கம்பு அசையாது. கணக்கு முடிந்தது.

ஆனால் பாடத்தில் அம்மாவின் தோள் இல்லை. அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, தடித்து, எருமைத்தோல் மாதிரி இருக்கும். குளிக்கும்போது அதை மட்டும் தேங்காய் நாரால் தேய்ப்பார். பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள், கம்பைத்தான் பார்க்கிறார்கள்.

புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் சாயாமல் வைத்துக்கொள்வதுதான் நல்ல மருமகளின் லட்சணம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டேன். அன்று காலை வாசலில் நான் செய்ததும் அதுதான். அண்ணன் மனம் கோணக்கூடாது, அத்தை மனம் கோணக்கூடாது. எதுவும் அசையவில்லை. எல்லாரும் சந்தோஷமாகக் காரில் ஏறினார்கள்.

இல்லாத பள்ளிக்கூடம்

நெடுஞ்சாலையில் ஒன்றும் ஆகவில்லை. மாமா முன்னால். பின்னால் இடது ஓரம் நான், நடுவில் அண்ணன், அந்த ஓரம் அத்தை. அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், பின்னால நான் உக்காந்ததுல காடி மூக்கத் தூக்கிக்கிட்டு ஓடுது பாருங்க," என்றான்.

"எத்தன கிலோ மச்சான் இப்ப?" என்றார் என் கணவர்.

"எண்பதுக்குக் கிட்ட. என் தங்கச்சி சமையல் இல்லாமலே இவ்ளோ."

சிரிப்பு. மித்ராவும் சிரித்தாள், அவளுக்கு என்ன புரிந்ததோ. நான் என் பெல்ட்டைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அத்தை, "அந்த பெல்ட்ட புள்ளையையும் சேத்துப் போட்டுக்கயேன். நீ பயந்துக்கிட்டே வர்றியே," என்றார்.

"வேணாம் அத்தை. அப்படிப் போடக்கூடாது."

"அதுவும் கூடாதா? சரிம்மா, படிச்சவ சொல்றே."

அன்று முழுவதும் நான் முடியாது என்று சொன்னது அந்த ஒன்றுக்குத்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பாரிட் புந்தாரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போய், தோட்டச் சாலைக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் ஓலைகளில் சிக்கிக்கொண்டு கீழே இறங்காமல் இருந்தது. சாலையில் மண் படிந்திருந்தது. மாமா உற்சாகமாகிவிட்டார். இங்கேதான் ஆபீஸ், அங்கேதான் எங்க லயத்து வீடு என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினார்.

"சரவணா, அதோ பாரு, அங்கதான் ஓன் பள்ளிக்கூடம்!"

அங்கே பள்ளிக்கூடம் இல்லை. மற்ற இடங்களைப் போலவே செம்பனைதான் நின்றது. இல்லாத பள்ளிக்கூடத்தை என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

வளைவுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது.

பிரேக் சத்தம் கேட்டது. மண்ணில் சக்கரம் வழுக்கியது. பிறகு இடி.

நான் கையை விடவில்லை. இதை மருத்துவமனையில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். என் இரண்டு கைகளும் இறுக்கியபடியே இருந்தன. இறுக்கிய கைகளுக்குள்ளிருந்து அவள் போனாள். முன் இருக்கையின் முதுகில் மோதி, அண்ணனின் காலடியில் விழுந்தாள். என் கையில் ஒரு காலுறை மட்டும் இருந்தது.

சத்தமே இல்லை. பின்பெட்டியில் ஒரு தேங்காய் உருள்வது கேட்டது. அது உருண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ஒழுங்கா புடிச்சிருந்தா

உள்ளூர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். இடது காறை எலும்பில் முறிவு. நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். தலையில் உள்ளே ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துச் சொன்னார்கள். ஆனாலும் இரண்டு நாள் கண்காணிக்க வேண்டும். அண்ணனுக்கு உதட்டில் நான்கு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

பதிவு செய்த மலாய்த் தாதி, படிவத்திலிருந்து தலையைத் தூக்கி, "கார் சீட் தாக் பாக்காய் கா, புவான்?" என்று கேட்டார். குழந்தை இருக்கை போடவில்லையா என்று. குரலில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. அவருக்கு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும், அவ்வளவுதான்.

"தாக்," என்றேன். இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய எல்லா விடைகளையும்விட அந்த ஒரு சொல்லுக்கு அதிக நேரம் எடுத்தது.

மாலையில் வார்டில் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து தலையணைக்கடியில் வைத்தார். "முனியாண்டிதான் காப்பாத்துனாரு," என்றார். அத்தையின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் தூங்கினார், எனக்கு ரசம் கொண்டுவந்து ஊட்டிவிட்டார். ஆனால் அடுத்து வந்தது இது:

"நீ கொஞ்சம் ஒழுங்கா புடிச்சிருந்தா இவ்ளோ ஆயிருக்காதுல்ல தேவி. தூங்கிட்டியா?"

"தூங்கல அத்தை."

"அப்பறம் எப்படிப் போச்சு கைய விட்டு? அந்த பெல்ட்டயாச்சும் சேத்துப் போட்டிருக்கலாம். நான் சொன்னேன், நீதான் கூடாதுன்னே."

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மற்றவர்கள் போய், அத்தை நாற்காலியில் தூங்கிய பிறகு மாத்திரை உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் கைகள் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை என்கிறார் என் கணவர். அப்படியானால் ஒரு வினாடிக்குப் பதினொரு மீட்டர். மோதிய கார் நிற்க எடுத்த நேரம், வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். மித்ராவின் எடை ஏழு கிலோ. பெருக்கி, வகுத்து, கிலோவுக்கு மாற்றினேன்.

எண்பதுக்குச் சற்றுக் குறைவு. ஏழு கிலோ குழந்தையை அந்த நொடியில் பிடித்து நிறுத்த, எண்பது கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். என் அண்ணனை, வேட்டியோடும் சிரிப்போடும், இரண்டு கையால் அந்தரத்தில் ஏந்தியிருக்க வேண்டும். எனக்காக இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்த அதே அண்ணனை.

நேரத்தைத் தவறாக ஊகித்தேனோ என்று இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன். அப்போதும் நாற்பது கிலோ. எதிர்பாராத ஒரு கணத்தில், எந்தத் தாய் நாற்பது கிலோவைப் பிடிப்பாள்?

பிறகு அந்த இன்னொரு கணக்கையும் போட்டேன். பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவில் அவள் இருந்திருந்தால், அவளை முன்னால் அழுத்தியிருக்கக்கூடியது என் ஐம்பத்தெட்டு கிலோ உடம்பு. விடை அறுநூறைத் தாண்டியது. பேனாவை மூடிவிட்டேன். எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

மறுநாள் மதியம் மாமா தனியாக வந்தார். என்னைத் தேற்றத்தான் வந்தார் என்று இன்றும் நம்புகிறேன். முப்பது வருடம் தோட்டத்து லாரி ஓட்டியவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மனச போட்டு ஒழப்பிக்காதேம்மா. பொம்பளைங்களுக்கு இது சகஜம்தான். அப்ப எங்க தோட்டத்துலயும் ஒருத்தி இப்படித்தான் புள்ளைய கைய விட்டுட்டா. லாரில பின்னால நின்னுக்கிட்டு வந்தா. நல்லா ஜாகா பண்ணி, கவனமாப் புடிக்கல."

"புள்ளைக்கு என்னா ஆச்சு மாமா?"

"அது தவறிப் போச்சு." கட்டில் விரிப்பின் மடிப்பை நீவினார். "ஊரே அவளத் திட்டுச்சு. அப்பறம் அவ வேற தோட்டத்துக்குப் போய்ட்டா."

"எதனால கை விட்டுச்சு?"

"நாயி ஒண்ணு குறுக்க ஓடுச்சு. சட்டுன்னு பிரேக் போட்டதுல..."

"பிரேக் போட்டது யாரு மாமா?"

கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாய் கேட்டுவிட்டது. மாமா என்னைப் பார்த்தார், குழந்தையின் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். எழுந்து போனார்.

பெரியவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டாலும் அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண், ஊரெல்லாம் திட்டியதை நம்பிக்கொண்டுதான் வாழ்நாளெல்லாம் தன் கைகளைப் பார்த்திருப்பாள். அவளுக்காக ஒருவர்கூட ஒரு கணக்குப் போடவில்லை.

நீல பெஞ்சு

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எங்கள் கார் பட்டறையில் இருந்தது. என் கணவர் நண்பரின் காரை வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே மாமா, அண்ணன். அத்தை என்னோடுதான் இருந்தார். பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போக எல்லாரும் வருவதுதானே வழக்கம்.

மருத்துவமனை வாசலில் காரின் பின்கதவைத் திறந்தேன். இருக்கை இல்லை.

"எங்கங்க?"

"எது?"

"மித்ராவோட சீட்டு."

"அஞ்சு பேரு இருக்கோம்ல," என்றார் என் கணவர். "இங்கேருந்து ஜெலாப்பாங் பத்து நிமிசம். மெதுவா போலாம். இந்த வாட்டி மடியில..."

அவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. முடிக்க நான் விடவில்லை. சத்தம் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்ததால் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அங்கே ஒரு நீல பெஞ்சு இருந்தது. குழந்தையோடு போய் அதில் உட்கார்ந்தேன்.

"தேவி, எல்லாரும் பாக்கறாங்க," என்றார் அத்தை.

"பாக்கட்டும் அத்தை."

"பச்சப்புள்ளைய வெயில்ல வச்சிக்கிட்டு என்னா அடம் இது?"

"எடுத்துட்டு வாங்க. நான் எங்கயும் போகல."

என் கணவர் திறந்திருந்த பின்கதவைச் சாத்தினார். பிறகு தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் ஆனது. அதில் எனக்கு எத்தனை தடவை எழுந்துவிடலாம் என்று தோன்றியது தெரியுமா? பத்து நிமிடப் பாதை. வெயில். அத்தைக்கு முட்டி வலி. நான் செய்வது பிள்ளைக்காகவா, பழிவாங்கவா? ஒவ்வொரு தடவையும் என் கை அந்த வெறும் காலுறையை நினைத்துக்கொண்டது. எழவில்லை.

இருக்கை வந்தது. அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிட்டுப் பொருத்தினேன். தாதி ஒருவர் வந்து, முறிந்த தோளில் வார் அழுத்தாதபடி துணியை மடித்து வைக்கச் சொல்லித்தந்தார். பிறகு எல்லாரும் நின்று காருக்குள் பார்த்தார்கள். மிச்சம் நான்கு இடம். நாங்கள் ஐந்து பேர்.

"சரி, நான் பஸ்ல போறேன்," என்றான் அண்ணன், வீங்கிய உதட்டோடு.

"அதெல்லாம் வேணாம் தம்பி," என்றார் மாமா. அவர் என்னைப் பார்க்கவில்லை. "காயம் பட்ட ஆள பஸ்ல அனுப்பறதா? எப்படியாச்சும் நெருக்கி..."

"அண்ணே," என்றேன். "நீ பஸ்ல போ. ஸ்டாப்பு அந்தப் பக்கம் இருக்கு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தான்.

"போறேன்லா," என்றான். "மூஞ்ச அப்படி வச்சிக்காத. சிரிச்சா தையல் பிரியும் எனக்கு." சாலையைக் கடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு வலித்திருக்கும். எனக்குத் தெரியும்.

கார் நகர்ந்ததும் மித்ரா அழ ஆரம்பித்தாள். வாரின் அழுத்தமோ, தோள் வலியோ, மூன்று நாளாக இறங்காத மடியிலிருந்து இறக்கிவிட்ட கோபமோ. முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரண்டு கையும் என் பக்கம் நீட்ட முடியாமல் ஒரு கையை மட்டும் நீட்டி அழுதாள்.

"தூக்கு தேவி," என்றார் அத்தை. அவர் குரல் உடைந்திருந்தது. "ஒனக்கு மனசே இல்லியா? கை சும்மாதானே இருக்கு? தூக்கேன்."

முன்னால் என் கணவர் வேகத்தைக் குறைத்தார். மாமா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. கை இரண்டும் சும்மாதான் இருந்தன, அவளிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

ஒரு விரலை நீட்டினேன். அதை இறுகப் பிடித்துக்கொண்டு ஜெலாப்பாங் வரைக்கும் அழுதாள். நான் அவளைத் தூக்கவில்லை.